நின்ற உருவக் காசுகளை இனங்காணல்: இராசராசன் முதல் யாழ்ப்பாணம் வரை

நின்ற உருவக் காசுகள் என்பன ஒரு பக்கத்தில் நின்ற மனித உருவம் பொறிக்கப்பட்ட இடைக்காலக் காசுகளாகும். இவற்றுள் பெரும்பாலானவற்றின் மறுபக்கத்தில் அமர்ந்த மனித உருவமும் அதனருகே நாகரி எழுத்துகளும் காணப்படும். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் மிகுதியாகக் கிடைப்பதால், பழங்காசு சேகரிக்கத் தொடங்குவோரின் கைக்கு முதலில் வந்து சேர்பவற்றுள் இவையும் அடங்கும். முதலாம் இராசராசன், பொலனறுவை மன்னர்கள், யாழ்ப்பாண அரசர்கள் எனப் பலரும் சில நூற்றாண்டுகளாக இவ்வுருவத்தைப் பயன்படுத்தினர். எனவே உருவத்தை மட்டும் பார்த்து ஒரு காசு யாருடையது என்று சொல்ல இயலாது. எழுத்து, உலோகம், எடை, கிடைத்த இடம் ஆகிய நான்கையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும்.

தோற்றமும் பரவலும்

இவ்வகையின் முன்மாதிரி, இலங்கையில் வழங்கிய ‘கஹவணு’ என்னும் பொற்காசு என்பது பொதுவாக ஏற்கப்படும் கருத்து. அதில் ‘ஸ்ரீ லங்காவிபு’ என்று நாகரியில் எழுதப்பட்டிருக்கும். முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டுகளில் ‘ஈழக்காசு’ என்னும் பெயர் வருவதால், இராசராசனுக்கு முன்பே ஈழத்துக் காசு தமிழகத்தில் அறியப்பட்டிருந்தது தெரிகிறது.

கி.பி. 985இல் ஆட்சிக்கு வந்த இராசராசன் 993 அளவில் இலங்கையின் வடபகுதியைக் கைப்பற்றினான். நின்ற உருவமும் அமர்ந்த உருவமும் கொண்ட செப்புக் காசுகள் அவன் பெயரில் பெருமளவில் வெளியாயின. புலி, மீன், வில் ஆகிய சின்னங்கள் கொண்ட சோழர் காசுகள் வேறு வகையைச் சேர்ந்தவை, இரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது.

1070இல் முதலாம் விசயபாகு சோழரை இலங்கையிலிருந்து வெளியேற்றினான். ஆயினும் மக்கள் பழகிவிட்ட காசின் உருவம் மாறவில்லை. முதலாம் பராக்கிரமபாகு (1153–1186), சோடகங்கன், லீலாவதி, சாகசமல்லன், தர்மாசோகன், புவனேகபாகு ஆகியோர் அதே உருவத்தில் தத்தம் பெயரைப் பொறித்துச் செப்புக் காசு வெளியிட்டனர்.

காசின் அமைப்பு

இக்காசுகள் பெரும்பாலும் ஏறத்தாழ 20 மில்லிமீட்டர் விட்டமும் 4 கிராம் அளவு எடையும் உடையவை. முன்பக்கத்தில் அரசன் நிற்கிறான். உயர்த்திய கையில் மலர் இருக்கும். ஒரு புறம் சிறு உருண்டைகள் வரிசையாகக் காணப்படும். பின்பக்கத்தில் அமர்ந்த உருவத்தின் கைக்கு அருகில், மேலிருந்து கீழாகப் பெயர் எழுதப்பட்டிருக்கும்.

பழைய பொற்காசுகளில் உடலும் ஆடை மடிப்பும் ஓரளவு தெளிவாக இருக்கும். பிற்காலக் காசுகளில் உருவம் சில கோடுகளாகவும் புள்ளிகளாகவும் சுருங்கிவிடுகிறது. புதிதாகப் பார்ப்பவருக்கு அது மனித உருவம் என்றே தோன்றாது. காசைத் தலைகீழாகப் பிடித்துப் படிக்க முயன்று ஏமாறுவோர் பலர். முதலில் தலையையும் கால்களையும் கண்டறிந்து காசை நேராகத் திருப்பிக்கொள்வதே இனங்காணலின் முதற்படி.

‘ஸ்ரீ ராஜ’ என்னும் சிக்கல்

நாகரி தெரியாதவரும் ஒரு சில எழுத்துகளைப் பழகிக்கொண்டால் இக்காசுகளைப் பிரித்தறியலாம். ‘ஸ்ரீ’, ‘ரா’, ‘ஜ’, ‘ல’, ‘ப’ ஆகியவற்றின் வடிவங்களே தொடக்கத்திற்குப் போதுமானவை. ஆனால் பாதி எழுத்தைப் படித்து முழுப் பெயரையும் ஊகிப்பதில் ஆபத்து உண்டு.

இராசராசன் காசில் ‘ஸ்ரீ ராஜராஜ’ என்றிருக்கும். பராக்கிரமபாகுவின் அரசியாக இருந்து, 1197இல் முதன்முறை அரியணை ஏறிய லீலாவதியின் காசில் ‘ஸ்ரீ ராஜ லீலாவதி’ என்றிருக்கும். காசின் கீழ்ப்பகுதி தேய்ந்து ‘ஸ்ரீ ராஜ’ மட்டும் எஞ்சியிருந்தால் அது இருவரில் எவருடையதாகவும் இருக்கலாம். இருவருக்கும் இடையே ஏறத்தாழ இரு நூற்றாண்டு இடைவெளி உண்டு. இராசராசன் காசில் ‘ரா’, ‘ஜ’ என்னும் அதே இரண்டு எழுத்துகள் மீண்டும் வரும். லீலாவதி காசில் வேறு நான்கு எழுத்துகள் தொடரும். ஆகவே மேலே உள்ள எழுத்தைவிடக் கீழே உள்ள எழுத்தே இங்கு முடிவான சான்று. அது தெரியாதபோது ‘ஸ்ரீ ராஜ எனத் தொடங்குவது, எஞ்சியது தேய்ந்தது’ என்று குறித்து வைப்பதே நேர்மையான பதிவு. விற்பவர் சொன்னார் என்பதற்காக இராசராசன் பெயரை எழுதிவிடக் கூடாது.

சேதுக் காசுகள்: கிடைத்த இடம் தரும் சான்று

நின்ற உருவம் ஒரு பக்கமும், படுத்திருக்கும் காளை மறுபக்கமும், அதன் கீழே தமிழில் ‘சேது’ என்னும் சொல்லும் கொண்ட செப்புக் காசுகள் சேதுக் காசுகள் எனப்படுகின்றன. சேது என்றதும் இராமேசுவரமும் இராமநாதபுரம் சேதுபதிகளும் நினைவுக்கு வருவது இயல்பு. அதனால் இவற்றைச் சேதுபதிகளோடு இணைத்துக் கருதியோரும் உண்டு.

ஆனால் இக்காசுகள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மிகுதியாகக் கிடைத்தன. அங்கு ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகள் ‘சேதுகாவலர்’ என்னும் பட்டம் உடையவர்கள். காளை அவர்களது சின்னம். கேகாலை மாவட்டத்திலுள்ள கொட்டகமைத் தமிழ்க் கல்வெட்டும் சிங்கைநகர் ஆரியனின் வெற்றியைக் கூறுகையில் ‘சேது’ என்னும் சொல்லோடு தொடங்குகிறது. இச்சான்றுகளைத் திரட்டி, சுவாமி ஞானப்பிரகாசர் 1920இல் இவை யாழ்ப்பாண அரசர்களின் காசுகள் என்று எழுதினார். கொட்றிங்டன் 1924இல் வெளியிட்ட இலங்கை நாணயங்கள் பற்றிய நூலிலும் இவை யாழ்ப்பாணக் காசுகளாகவே இடம்பெற்றன.

இம்முடிவுக்குக் காசில் இருந்த சொல் மட்டும் போதவில்லை. அது எந்த மண்ணில் கிடைத்தது என்ற செய்தியும் தேவைப்பட்டது. எங்கே கிடைத்தது என்ற குறிப்பு இல்லாமல் கடை கடையாகக் கைமாறியிருந்தால் ஓர் அரசின் நாணய வரலாறு வேறொருவர் கணக்கில் நின்றிருக்கும்.

போலிகளும் பராமரிப்பும்

பழங்காசுகள் அச்சுக்கிடையே வைத்து அடிக்கப்பட்டவை. அடியில் உலோகம் விரிவதால் விளிம்பில் சிறு வெடிப்புகள் காணப்படலாம். இன்று வார்ப்பில் ஊற்றிச் செய்யப்படும் போலிகளில் பரப்பில் நுண்துளைகளும், மழுங்கிய எழுத்துகளும், சில வேளைகளில் விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடும் தெரியும். பல காசுகள் ஒரே கீறலோடும் ஒரே தேய்மானத்தோடும் இருந்தால் ஐயுற வேண்டும்.

பித்தளைப் பாத்திரத்தைத் துலக்குவதுபோல் புளியோ எலுமிச்சையோ இட்டுத் தேய்ப்பது செப்புக் காசுக்குக் கேடு. களிம்போடு எழுத்தின் விளிம்பும் கரைந்துவிடும். காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, மென்மையான தூரிகையால் மண்ணை மட்டும் நீக்குவது நல்லது. மாணவர்கள் காசைத் தொடாமலே பயிலவும் வழியுண்டு: சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் நாணயத் தொகுப்பு அதற்கு உதவும்.

பதிவும் சட்டமும்

ஒவ்வொரு காசுக்கும் ஒரு சிறு அட்டை எழுதி வைக்க வேண்டும். உலோகம், எடை, விட்டம், இரு பக்க விவரம், தெரியும் எழுத்துகள், கிடைத்த ஊர், பெற்ற நாள் ஆகியவை அதில் இடம்பெற வேண்டும். விற்பவர் ஊர்ப்பெயர் சொன்னால் ‘விற்றவர் கூற்று’ என்று குறிக்க வேண்டும்.

இந்தியாவில் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின்படி, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். தொல்பொருட்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. இலங்கையில் 1940ஆம் ஆண்டுத் தொல்பொருட் கட்டளைச் சட்டம் நடைமுறையில் உள்ளது. வயலிலோ ஆற்றுப்படுகையிலோ காசுக் குவியல் தென்பட்டால் அதைப் பிரித்தெடுக்காமல் தெரிவிப்பதே முறை. ஒன்றாகப் புதைந்த காசுகள் ஒன்றன் காலத்தை மற்றொன்று உறுதிப்படுத்தும்; பிரித்து விற்றபின் அந்தச் சான்று மீண்டும் கிடைக்காது.