முறிந்த செய்நிரலின் கடைசிக் கோப்பு: ‘கோர்’ எண்ட சொல்லின் வரலாறு

லினக்ஸ் கணினியொன்றில் ‘மேன் கோர்’ எண்டு தட்டினால் ஒரு கையேட்டுப் பக்கம் திறக்கும். ஓடிக்கொண்டிருக்கிற செய்நிரல் இடையில் முறிந்து விழுந்தால் பணிசெயல் முறைமை என்ன செய்யும் எண்டு சொல்கிற பக்கம் அது. கலைப்பீடத்தில் படிக்கிற எங்களுக்கு இதில் என்ன வேலை எண்டு கேட்கலாம். வரலாற்று மூலமாக வாசித்துப் பாருங்கோ, ஐம்பது வருசத்துக்கு மேற்பட்ட கதை உள்ளே கிடக்கு.

முதலில் பெயர். 1950களிலும் 60களிலும் கணினி நினைவகம் சிலிக்கனில் செய்யப்படவில்லை. சின்னஞ்சிறு காந்த வளையங்களை மெல்லிய கம்பிகளில் கோத்துச் செய்தார்கள். ஒரு வளையத்துக்கு ஒரு பிட். காந்தம் ஒரு திசையில் இருந்தால் 0, மறு திசையில் இருந்தால் 1. அந்த வளையம்தான் ‘கோர்’. ஆன் வாங், ஜே ஃபொரெஸ்டர் ஆகியோரின் ஆய்வுகளில் வளர்ந்த இந்த நினைவகம், 1953இல் எம்.ஐ.டி.யின் வேர்ள்விண்ட் கணினியில் பொருத்தப்பட்டது. வளையங்களைக் கையால் கோத்தவர்களில் அனேகர் பெண்கள். கண்டுபிடித்தவர்களின் பெயர்கள் நிலைத்த அளவுக்கு இவர்களுடைய பெயர்கள் நிலைக்கவில்லை.

அந்தக் காலத்தில் செய்நிரல் முறிந்தால் நினைவகத்தில் இருந்த முழுவதையும் எண்களாகத் தாளில் அச்சடித்துக் கொட்டுவார்கள். அதனால்தான் ‘கோர் டம்ப்’. நிரலாளர் அந்தத் தாள் கட்டை மேசையில் விரித்து, பென்சிலோடு இருந்து பிழையைத் தேடுவார்.

பிறகு யுனிக்ஸ் வந்தது. பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் எழுதிய அதன் முதல் கையேடு 1971 நவம்பர் 3 எண்டு திகதியிடப்பட்டது. அதன் ஐந்தாம் பிரிவிலேயே ‘கோர்’ பக்கம் இருக்கிறது. எதிர்பாராத பிழை நடந்தாலோ, பாவிக்கிறவர் நிறுத்தச் சொல்லிக் குறிப்பிட்ட சைகை அனுப்பினாலோ, நினைவகத்தின் படம் ‘கோர்’ எண்ட பெயரில் அப்போதிருக்கிற கோப்புறையில் எழுதப்படும். தாள் கட்டு கோப்பாக மாறிவிட்டது. அதே கையேட்டின் பக்கங்களில் தெரிந்த குறைகளைச் சொல்ல ‘பக்ஸ்’ எண்டு ஒரு தலைப்பும் உண்டு. தங்கட முறைமை எங்கே பிழைக்கும் எண்டதை அதைச் செய்தவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் எண்டால் சிக்கல்தான். இரண்டாவது முறிவு முதலாவதின் தடயத்தை அழித்துவிடும். வட்டும் நிரம்பும். நிர்வாகிகள் ‘கோர்’ எண்ட பெயருள்ள கோப்புகளைத் தேடி அழிக்கும் வேலையை இரவில் தானாக ஓட விட்டார்கள். நீங்கள் ஆசையாக அந்தப் பெயர் வைத்த கோப்பும் சேர்ந்து போகும்.

பெரிய சிக்கல் வேறு. நினைவகத்தின் படம் எண்டால் அந்த நேரம் அதில் இருந்தது எல்லாமே: கடவுச்சொல், அரைகுறையாகத் தட்டிய கடிதம், எல்லாம். ஆகவே பல லினக்ஸ் வகைகளில் கோர் கோப்பின் அளவு வரம்பு இயல்பாகவே 0. உயர் அதிகாரத்தோடு ஓடும் செய்நிரல்களுக்கும் வழமையில் கோப்பு எழுதப்படாது. 2006இல் வந்த லினக்ஸ் 2.6.19 இன்னொரு வழி திறந்தது: படத்தை நேரே வேறொரு செய்நிரலிடம் கையளிக்கலாம். அது எங்கே வைப்பது, எவ்வளவு காலம் வைப்பது எண்டு பார்த்துக்கொள்ளும்.

விண்டோஸ் பக்கம் வேறு பாதை. 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியில் செய்நிரல் முறிந்தால், அறிக்கையை மைக்ரோசொஃப்டுக்கு அனுப்பவா வேண்டாமா எண்டு ஒரு பெட்டி கேட்கும். நிரலாளரின் மேசையில் கிடந்த தடயம் நிறுவனத்தின் களஞ்சியத்துக்குப் போகத் தொடங்கியது.

அந்தக் களஞ்சியமும் ஆபத்தாகலாம். 2023இல் அமெரிக்க அரச அதிகாரிகளின் மின்னஞ்சல்களுக்குள் ஊடுருவியவர்களிடம் மைக்ரோசொஃப்டின் கையொப்பத் திறவுகோலொன்று இருந்தது. 2021 ஏப்ரலில் நடந்த ஒரு முறிவின் கோப்பில் அது சிக்கி வெளியே போயிருக்கலாம் எண்டு அந்நிறுவனம் 2023 செப்டம்பரில் விளக்கியது. 2024 மார்ச்சில் அதைத் திருத்தி, திறவுகோல் உள்ள அப்படியொரு கோப்பைத் தாங்கள் கண்டெடுக்கவில்லை எண்டு சேர்த்தது. கதை முதலில் வந்தது. ஆவணம் கடைசிவரை வரவில்லை. வரலாறு படிக்கிற எங்களுக்கு இது பழகின பிரச்சினைதான்.

காந்த வளையங்கள் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன, சொல் மட்டும் கையேட்டின் அதே ஐந்தாம் பிரிவில் இருக்கிறது. எதை, எங்கே, ஆர் பார்க்க வைப்பது எண்ட தீர்மானம்தான் ஒவ்வொரு முறையும் மாறியிருக்கிறது. லினக்ஸ் வைத்திருக்கிறவர்கள் ‘யூலிமிட் -சி’ எண்டு ஒருக்கால் தட்டிப் பாருங்கோ. 0 எண்டு வந்தால், முறிந்த செய்நிரலின் கோர் கோப்பு உங்கட கோப்புறைக்கு வராது. அந்தத் தீர்மானத்தை உங்களுக்காக வேறு ஆரோ ஏற்கெனவே எடுத்திருக்கிறார்கள்.