எல்லை கடந்த நாளிதழ்

காலைதோறும் தமிழ் நாளிதழைக் கையிலெடுக்கும் நம்மவருள், அது பிறந்த ஊர் எதுவென எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலரே. இன்று தமிழகமெங்கும் பரவி நிற்கும் ‘தினமலர்’ சென்னையிலோ மதுரையிலோ தோன்றியதன்று. நம் நெய்யாற்றின்கரைக்கு வடக்கே, திருவனந்தபுரத்தில், 1951-ஆம் ஆண்டு செப்டம்பர் 6-ஆம் நாள் அது முதன்முதலாக வெளிவந்தது. அவ்வரலாற்றில் நமக்கும் பங்குண்டு என்பதனாலேயே அதனை ஈண்டு நினைவுகூர்கின்றோம்.

பத்திரிகையின் வலிமையை நம் ஊர் முன்னரே அறிந்திருந்தது. வக்கம் மௌலவி அவர்கள் 1905-இல் தொடங்கிய ‘சுதேசாபிமானி’ என்னும் மலையாள இதழுக்கு, நெய்யாற்றின்கரையிற் பிறந்த இராமகிருஷ்ண பிள்ளை 1906-இல் ஆசிரியரானார். திவான் இராஜகோபாலாச்சாரியின் ஆட்சியை அவர் அஞ்சாது கண்டித்து எழுதினார். 1910-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் நாள் அச்சகம் பறிமுதலாயிற்று. ஆசிரியர் நாடு கடத்தப்பட்டு, ஆரல்வாய்மொழி வழியாகத் திருநெல்வேலிக்கு அனுப்பப்பட்டார். 1916-இல் கண்ணூரில் மறையும் வரையில் அவர் திருவிதாங்கூர் மண்ணுக்குத் திரும்பவில்லை.

நாற்பது ஆண்டுகள் கழிந்தன. 1949-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் நாள் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே மாநிலமாயின. தென் தாலுகாக்களின் தமிழர், தம் பகுதிகள் தாய்த் தமிழகத்தோடு இணைதல் வேண்டுமெனக் குரலெழுப்பினர். நேசமணி அவர்கள் முன்னின்று நடத்திய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட தாலுகாக்கள் ஒன்பது. அவற்றுள் நெய்யாற்றின்கரையும் ஒன்று. அக்குரல் ஆட்சி பீடமாகிய தலைநகரிலேயே நாள்தோறும் ஒலித்தல் வேண்டுமன்றோ? அத்தேவையை நிறைவேற்றவே நாஞ்சில் நாட்டினரான டி. வி. இராமசுப்பையர் தம் நாளிதழைத் திருவனந்தபுரத்தில் நிறுவினார்.

1954-ஆம் ஆண்டு ஆகஸ்டு 11-ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது, உயிர்கள் பலியாயின. பின்னர் மாநில மறுசீரமைப்பு ஆணையம் 1955-இல் தன் முடிவை அறிவித்தது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கும் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. செங்கோட்டையின் ஒரு பகுதி திருநெல்வேலியோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரையோ கேரளத்திலேயே நின்றது. மொழிவாரிக் கணக்கில் இத்தாலுகாவில் தமிழர் சிறுபான்மையினரே என்பதை நாம் மறுப்பதற்கில்லை. எல்லைக்கோடு களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் இடையே அமைந்தது.

அடுத்த ஆண்டிலேயே, 1957-இல், நாளிதழும் திருநெல்வேலிக்குப் பெயர்ந்தது. அதனைக் குறை கூறுவார் யார்? எந்த மக்களுக்காகப் பேசப் பிறந்ததோ, அம்மக்களிற் பெரும்பாலோர் எல்லைக்கு அப்பால் சென்றுவிட்டனர். வாசகரைத் தேடிச் செல்வது பத்திரிகையின் இயல்பு. முன்னவர் தோற்கடிக்கப்பட்டுத் திருநெல்வேலி சென்றார்; பின்னது வெற்றி பெற்றுச் சென்றது. எனினும் அவ்வெற்றியில் இடம் பெறாத தமிழ்க் குடும்பங்கள் இப்புறத்தில் எஞ்சின. தொழிலும் வாணிபமும் உத்தியோகமும் நாடிப் பின்னர் வந்து குடியேறிய நாமும் அவர்களோடு சேர்ந்தவரானோம்.

எல்லை குறித்து நமக்கு இன்று மனக்கசப்பு இல்லை. மலையாள நண்பரோடு ஒரே தெருவில் உடன்பிறந்தாரென வாழ்கின்றோம். நம் பிள்ளைகள் மலையாளம் கற்பதும் நன்றே. ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். இதழ் இடம் பெயர்ந்ததால் மட்டும் ஓர் ஊரில் தமிழ் மங்கிவிடுவதில்லை. வீட்டில் அதைப் படிக்கும் கண்கள் குறையும்போதுதான் மங்குகின்றது. தாத்தா படித்த நாளிதழைப் பேரன் எழுத்துக்கூட்டியும் படிக்க இயலாதாயின், அவ்விழப்பை எந்த ஆணையமும் ஈடு செய்யாது.

ஆதலின் அன்பர்களே, நாள்தோறும் கால் மணி நேரமேனும் குழந்தைகளை அருகிருத்தி ஒரு செய்தியை உரக்கப் படிக்கச் செய்வோம். நம் சங்கம் வெளியிடும் இம்மலரில் அவர்களும் எழுதும் நாள் வரட்டும். நம்மை விட்டு எல்லை கடந்த இதழுக்கு நாம் செலுத்தும் நன்றியும் அதுவே.

வாழ்க தமிழ்!