மொழியும் கூலியும்

கெல்சென்கிர்ச்சனில் நம்மிற் பலர் டொச் மொழியைப் பழகியது உணவகக் குசினிகளில். 'கெதியாய்', 'சுத்தமாய்' என்பவற்றுக்கான சொற்கள் முதலில் வந்தன. சம்பளக் கணக்கைக் கேட்பதற்கான சொற்கள் மிகவும் பிந்தியே வந்தன. அதுவரை கோப்பை கழுவினோம். பல்கலைக்கழகப் படிப்பை இடையில் விட்டு வந்தோரும் அதையே செய்தோம்.

இந்நகருக்கு இது புதிய கதையல்ல. 1870களிலிருந்து மசூரியரும் போலிஷ்காரரும் இங்குள்ள நிலக்கரிச் சுரங்கங்களுக்குத் திரளாக வந்தனர். அவர்களிற் பெரும்பாலோர் பிரஷ்யக் குடிமக்களே, மொழிதான் வேறு. 1899 ஜனவரியில் டோர்ட்முண்ட் சுரங்க அதிகாரபீடம் ஒரு விதி செய்தது. டொச் மொழியில் இடப்படும் கட்டளை விளங்காதவர் நிலத்தடியில் வேலை செய்யலாகாது. பொறுப்பான பதவிக்கு டொச் வாசிக்கவும் தெரிய வேண்டும்.

பாதுகாப்பே இதற்குச் சொல்லப்பட்ட காரணம். அதை நாம் பொய்யென்று தள்ளமாட்டோம். கொதியெண்ணெய்க்கு அருகில் நிற்பவனுக்கு எச்சரிக்கை விளங்காவிட்டால் என்ன நடக்குமென்று நமக்குத் தெரியும். ஆனால் அதே விதி பதவிக்கும் வேலியாயிற்று. தொழிலாளர் 1902இல் போகுமில் தமக்கெனப் போலிஷ் தொழிற்சங்கம் அமைத்தனர். 1908ஆம் ஆண்டுச் சங்கச் சட்டமோ பகிரங்கக் கூட்டங்கள் பொதுவாக டொச் மொழியிலேயே நடக்க வேண்டுமென்றது. சுரங்கத்தின் ஆபத்துக்கும் கூட்டத்தில் பேசும் மொழிக்கும் என்ன தொடர்பு?

இக்கேள்வி நமக்கு ஊரிலேயே பழக்கமானது. 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. சிங்களத் தேர்ச்சி பெறாததால் கோடீஸ்வரன் என்ற தமிழ் எழுதுவினைஞருக்கு 1962இல் சம்பள உயர்ச்சி மறுக்கப்பட்டது. அவர் வழக்காடினார். 1964இல் மாவட்ட நீதிமன்றில் வென்றார். 1967இல் உயர் நீதிமன்றில் தோற்றார். அரச ஊழியர் சம்பளத்துக்காக வழக்கிடலாமென 1969இல் இலண்டன் பிரிவிக் கவுன்சில் தீர்த்தது. ஆனால் மொழிச் சட்டம் அரசியலமைப்புக்கு முரணானதா என்பதை முடிவுசெய்யாமல் வழக்கைத் திருப்பி அனுப்பியது. அக்கேள்விக்குக் கடைசிவரை விடை கிடைக்கவில்லை.

சொந்த மண்ணில் திணிக்கப்பட்ட மொழியும், வந்த நாட்டில் வாழத் தேவையான மொழியும் ஒன்றல்ல. டொச் மொழியைக் கற்க வேண்டுமென்பதில் நமக்கு மறுப்பில்லை. கற்கும் வழி யாருக்குத் திறந்தது என்பதே நமது கேள்வி. 2005இல் யேர்மனி 600 மணித்தியால மொழிப் பாடத்தைக் கொண்ட ஒருங்கிணைப்பு வகுப்புகளைத் தொடங்கியது. புகலிட விண்ணப்பம் முடிவாகாதோருக்கு அப்போது அதில் இடமிருக்கவில்லை. 2015 ஒக்டோபரில் ஒரு பகுதியினருக்குக் கதவு திறந்தது. இலங்கையர் அப்பகுதிக்குள் அடங்கவில்லை. முடிவுக்காகக் காத்திருந்த ஆண்டுகளிலேயே நமது வேலையும் கூலியும் நிலைத்துவிட்டன. பிறகு கதவு திறந்தாலும், மாலை வகுப்பு தொடங்கும் நேரத்தில்தான் குசினியில் அடுப்பும் மூட்டப்படுகிறது.

மொழி தெரியாததால் நாம் குறைந்த கூலிக்கு வேலை செய்கிறோம் என்கிறார்கள். அது உண்மையே. குறைந்த கூலிக்கு நீண்ட நேரம் வேலை செய்வதால் மொழி கற்க முடியவில்லை என்பதும் அதே அளவு உண்மை. இவ்விரண்டையும் சேர்த்துச் சொல்பவரோடுதான் நாம் மேலே பேசமுடியும்.