டிரிஃப்ட் கார்: ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் மாற்றம்

பின்சக்கரங்கள் வழுக்கும் நிலையிலேயே வளைவைக் கடக்கும் டிரிஃப்ட் பந்தயத்துக்காக, காரின் முன்சக்கரத் திருப்பத்தையும் சக்கரக் கோணங்களையும் மாற்றியமைக்கும் வேலை. பின்சக்கர இயக்கமுள்ள கார்களே இதற்கு ஏற்றவை.

கார் பக்கவாட்டில் வழுக்கும்போது முன்சக்கரங்கள் எதிர்ப்பக்கம் திரும்பி நிற்க வேண்டும். திருப்பம் போதாவிட்டால் கார் சுழன்றுவிடும். சாலைக் காரில் சுமார் 35 முதல் 40 டிகிரியாக உள்ள இத்திருப்பம், டிரிஃப்ட் காரில் 60 டிகிரியைத் தாண்டுவதுண்டு. இதற்காக, சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் ஸ்டீயரிங் நக்கிளின் கை குட்டையாக்கப்படுகிறது. சக்கரம் உடற்பகுதியில் உரசாதிருக்க சஸ்பென்ஷனின் கீழ்க்கை நீட்டப்படுகிறது. உட்சக்கரத்தைக் கூடுதலாகத் திருப்பும் அக்கர்மன் அமைப்பு குறைக்கப்பட்டு, இரு முன்சக்கரங்களும் ஏறத்தாழ இணையாகத் திரும்புமாறு செய்யப்படுகின்றன. முன்சக்கரத்தின் திருப்ப அச்சு பின்னோக்கிச் சாயும் காஸ்டர் கோணத்தைக் கூட்டினால், வழுக்கலின்போது கைவிட்ட ஸ்டீயரிங் தானே எதிர்ப்பக்கம் சுழலும். ஓட்டுநருக்குப் பெரிதும் கைகொடுப்பது இதுவே. முன்சக்கரங்களுக்கு எதிர்மறைக் கேம்பர் (சக்கரத்தின் மேற்பகுதி உள்நோக்கிச் சாய்வது) மிகுதியாகவும் பின்சக்கரங்களுக்குக் குறைவாகவும் தரப்படும். உயரத்தை மாற்றத்தக்க காயில்ஓவர் சஸ்பென்ஷன்கள் வழக்கமானவை.

ஜப்பானிய மலைச்சாலைகளில் வளர்ந்த டிரிஃப்ட் முறை, 2001இல் தொடங்கிய டி1 கிராண்ட் பிரி தொடரால் முறையான போட்டியானது.

இத்தகைய மாற்றங்களைப் பொறுத்தவரை, இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. பொதுச்சாலைக்கு வெளியே, தமிழ்நாட்டில் பந்தயக் கார்களுக்கெனச் சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையிலும், கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற பெயரிலும் நிரந்தர ஓடுதளங்கள் உள்ளன.