சிதையும் கிராமமும் ஆய்வின் வாசகரும்

ஓர் ஆய்வு எதனைக் கூறுகின்றது என்பதுபோலவே, யாரை நோக்கிக் கூறுகின்றது என்பதும் வரலாற்று வினாவாகும். கண்டிக்கு அண்மையிலுள்ள பாத்ததும்பறைக் கிராமங்களைப் பற்றி என். கே. சர்க்காரும் எஸ். ஜே. தம்பையாவும் எழுதிய அறிக்கையை இலங்கைப் பல்கலைக்கழகம் 1957இல் ஆங்கிலத்தில் வெளியிட்டது. ‘சிதைந்துவரும் கிராமம்’ எனப் பொருள்படும் தலைப்பே அதன் முடிவைச் சுட்டுகின்றது. கண்டியக் கிராமம் தன்னிறைவும் ஒற்றுமையும் உடையதென்ற இலட்சியச் சித்திரத்தை, நிலமின்மையையும் நிலவுடைமை ஏற்றத்தாழ்வையும் பற்றிய அதன் கணக்குகள் தகர்த்தன.

அடுத்த ஆண்டில், பிலிப் குணவர்த்தனாவின் முயற்சியால் நெற்காணிச் சட்டம் நிறைவேறிற்று. ‘அந்தே’ முறையில் விளைவிற் பாதியை வாரமாக அளந்த குடியானவனுக்கு அது பயிரிடும் உரிமையையும் குறைந்த வாரத்தையும் வழங்க முனைந்தது. அறிக்கையே சட்டத்தைப் பிறப்பித்தது என நாம் கூறவில்லை; இரண்டும் ஒரே நெருக்கடியின் வெளிப்பாடுகள். ஆயின் விளைந்தது யாது? அமைச்சரவைக்குள்ளேயே எதிர்ப்பு வலுத்தது. 1959இல் குணவர்த்தனா அரசிலிருந்து விலகினார். காணிச் சொந்தக்காரர் பலர் குடிகளை வெளியேற்றினர். முறையிடச் சட்டம் வழிவிட்டது. கடனுக்கும் கூலிக்கும் காணிக்காரனையே நம்பியிருந்தவன் அவனுக்கெதிராக எங்ஙனம் முறையிடுவான்?

ஆட்சியாளர் உண்மையை அறியாமையினால் மட்டும் சீர்திருத்தம் தடைப்படுவதில்லை. அறிந்தபின்பும் வர்க்க நலன் தடுக்கின்றது. எனவே ஆய்வு அமைச்சின் மேசையை அடைதல் வேண்டும், அஃது போதாது. அட்டவணையில் எண்ணாக நின்ற குடியானவன் அதனைத் தன் மொழியிற் படித்து, தன் அயலவனோடு சேர்ந்து வாதிடும்போதே அவ்வாய்வு உரிய வாசகனைப் பெறுகின்றது.