கார்ட்டூன் தொடரின் ‘ஷோரன்னர்’ யார்? படம் வரையத் தெரியாதவரும் ஆகலாமா?

‘உப்பின் இப்பின்’, ‘போபோய்பாய்’ பார்த்து வளர்ந்தவரா நீங்கள்? அந்தக் கதைகளை யார் யோசித்தார்கள் என்று தேடிப் பார்த்தது உண்டா? சி ரூசா தோட்டப் பக்கம் வளரும் ஒருவர், “எனக்குப் படம் வரைய வராதே” என்று இந்தத் துறையை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. கார்ட்டூன் முதலில் எழுத்தில்தான் பிறக்கிறது.

ஷோரன்னர் என்ன செய்வார்?

முதல் பாகத்திலிருந்து கடைசிப் பாகம்வரை கதையைக் கையில் பிடித்திருப்பவர் அவர்தான். ஒவ்வொரு கதாபாத்திரமும் எதற்குப் பயப்படும், எதை ஒருபோதும் செய்யாது என்பதையெல்லாம் முதலில் எழுதி வைப்பார்கள். இதற்குத் தொடரின் ‘பைபிள்’ என்று பெயர். அடுத்து வசனம், பிறகு ஸ்டோரிபோர்ட், குரல் பதிவு. அதற்குப் பிறகே அசைவு. தாளில் ஒரு காட்சியை மாற்ற ஒரு பேனா போதும். அசைவு முடிந்தபின் மாற்றினால் பலருடைய உழைப்பு வீணாகும். எழுத்தாளரின் பொறுப்பு இவ்வளவு பெரிதாக இருப்பது அதனால்தான்.

நம் நாட்டில் யாரைச் சொல்லலாம்?

நிசாம் ரசாக். மல்டிமீடியா பல்கலைக்கழகத்தில் படித்தவர். லெஸ் கோபாக் நிறுவனத்தில் ‘உப்பின் இப்பின்’ உருவாக்கியவர்களில் ஒருவர். 2007 நோன்பு மாதத்தில் டிவி9-இல் சில குறும்பாகங்களாகத் தொடங்கிய தொடர் அது. 2009-இல் வெளியான ‘கெங்’ திரைப்படத்தை இயக்கினார். அதே ஆண்டு நண்பர்களோடு சேர்ந்து அனிமோன்ஸ்டா ஸ்டூடியோவைத் தொடங்கினார். 2011 மார்ச்சில் ‘போபோய்பாய்’ டிவி3-இல் வந்தது. 2016-இலும் 2019-இலும் அது திரைப்படமானது. ஒரு சிறுவனைப் பற்றிய கதை, பல ஆண்டு வேலையாக மாறியது இப்படித்தான்.

இதில் நமக்கு என்ன?

போபோய்பாயின் நண்பன் கோபாலைத் தெரியும்தானே? ‘உப்பின் இப்பின்’ கம்பத்தில் அங்கிள் முத்துவும் மகன் ராஜூவும் இருக்கிறார்கள். நாம் திரையில் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தப் பாத்திரம் எப்போதும் சாப்பாட்டுப் பிரியனாக, பயந்தவனாக இருக்க வேண்டுமா, வேறு மாதிரியும் இருக்கலாமா என்பது எழுதும் மேசையில் முடிவாகிறது. ஒரு “டேய்” எப்போது பாசம், எப்போது சண்டை என்பது நம் வீட்டில் வளர்ந்தவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நாட்டின் முதல் அனிமேஷன் குறும்படம் எனப்படும் ‘ஹிக்காயாட் சாங் கஞ்சில்’ 1983-இல் ஒளியேறியது. ஃபிலிம் நெகாராவில் அதை உருவாக்கியவர் ஆனந்தம் சேவியர்.

எங்கிருந்து தொடங்குவது?

ஸ்டூடியோக்கள் பெரும்பாலும் கிள்ளான் பள்ளத்தாக்கில்தான். ஆனால் எழுத அங்கே போய்க் காத்திருக்க வேண்டாம். பிடித்த ஒரு பாகத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, காட்சி காட்சியாக எழுதிப் பாருங்கள். பிறகு இரண்டு பாத்திரங்கள், ஒரு பிரச்சினை, 11 நிமிடம் என்று சொந்தக் கதை ஒன்று எழுதுங்கள். உள்ளூர்த் தொடர்கள் பெரும்பாலும் மலாயில் என்பதால் மலாய் வசனம் எழுதப் பழகுங்கள். தமிழில் யோசித்து மலாயில் எழுத முடிவது குறை இல்லை, கூடுதல் பலம்.

செம்பனை மரங்களுக்கு நடுவே சைக்கிள் ஓட்டிய அந்தச் சாயங்காலம் உங்களுக்குத் தெரியும். அதை நீங்கள் எழுதாவிட்டால், பார்க்காத ஒருவர்தான் எழுதுவார்.