எந்த நீதிமன்றத்தின் படியேறுவது?

ஹைஃபா நகரத்தில் ஒரே அடுக்குமாடிக் கட்டடத்தில் இரண்டு பெண்கள் குடியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் யூதர், மற்றவர் முஸ்லிம். இருவரும் இஸ்ரேலியக் குடிமக்கள். ஒரே தேர்தலில் வாக்களிக்கிறார்கள், ஒரே அரசுக்கு வரி கட்டுகிறார்கள். இருவருடைய கணவர்களும் வீட்டுச் செலவுக்குப் பணம் தருவதை நிறுத்திவிட்டார்கள். யூதப் பெண் ஜீவனாம்சம் கேட்டு அரசின் குடும்ப நீதிமன்றத்துக்குப் போகலாம். விரும்பினால் ரபீக்கள் தீர்ப்புச் சொல்லும் மத நீதிமன்றத்துக்கும் போகலாம். முஸ்லிம் பெண்ணுக்கு ஷரீஅத் நீதிமன்றம் ஒன்றுதான். அங்கே காஜி என்ன தொகை சொல்கிறாரோ அதுதான். அந்தக் காஜி ஆணாகத்தான் இருப்பார்.

1995இல் இஸ்ரேல் நாடாளுமன்றம் குடும்ப நீதிமன்றச் சட்டத்தை நிறைவேற்றியபோது நிலைமை இதுதான். பல இடங்களில் சிதறிக் கிடந்த குடும்ப வழக்குகளை, பயிற்சி பெற்ற நீதிபதிகளும் சமூகப் பணியாளர்களும் உள்ள ஒரே நீதிமன்றத்தின் கீழ்க் கொண்டுவந்த நல்ல சட்டம் அது. யூதப் பெண்களுக்கும் துரூஸ் பெண்களுக்கும் அது பயன்பட்டது. முஸ்லிம் பெண்களுக்கு அநேகமாக எல்லாக் குடும்ப விஷயங்களிலும், கிறிஸ்தவப் பெண்களுக்கு ஜீவனாம்சம் போன்றவற்றிலும் அதன் கதவு மூடியே இருந்தது. சீர்திருத்தம் ஒன்று வந்ததால் பழைய ஏற்றத்தாழ்வு இன்னும் வெட்டவெளிச்சமானது.

இந்தக் கதவைத் திறக்க அரபுப் பெண்கள் ஆறு வருடம் போராடினார்கள். இஸ்ரேலில் யூதர்களுக்கும் அரபுகளுக்கும் இடையிலான சமத்துவம் என்றால் நிலம், பட்ஜெட், வேலை, பல்கலைக்கழக இடங்கள் என்றுதான் பேசுவார்கள். அந்தப் பட்டியலில் சமையலறைச் செலவும் குழந்தை யாரிடம் வளர்வது என்ற கேள்வியும் சேர்ந்தது இந்தப் பெண்களால்தான்.

இந்தப் பாகுபாட்டை யாரும் புதிதாக உட்கார்ந்து வடிவமைக்கவில்லை. துருக்கியப் பேரரசு ஒவ்வொரு மதச் சமூகத்தின் குடும்ப விவகாரத்தையும் அந்தந்த மதத் தலைவர்களிடம் விட்டிருந்தது. அதன்பின் வந்த பிரிட்டிஷ்காரர்கள் 1922ஆம் ஆண்டு ஆணையில் அதை அப்படியே எழுதிவைத்தார்கள். அதிலும் அளவு வேறுபாடு இருந்தது: முஸ்லிம் நீதிமன்றங்களுக்கு மிக விரிவான அதிகாரம், யூத, கிறிஸ்தவ நீதிமன்றங்களுக்கு அதைவிடக் குறைவு. 1948இல் உருவான இஸ்ரேல் இந்த ஏற்பாட்டை வாரிசுச் சொத்துபோல எடுத்துக்கொண்டது. 1951இல் பெண்களுக்குச் சம உரிமைச் சட்டம் இயற்றிய அதே நாடாளுமன்றம், திருமணத்தையும் விவாகரத்தையும் அந்தச் சட்டம் தொடாது என்று அதற்குள்ளேயே ஒரு பிரிவைச் சேர்த்தது. 1953இல் யூதர்களின் திருமணமும் விவாகரத்தும் முழுவதுமாக ரபீக்களின் கைக்குப் போயின. இஸ்ரேலுக்குள் மதச்சார்பற்ற திருமணம் என்ற ஒன்று இன்றைக்கும் கிடையாது. யூதருக்கும் முஸ்லிமுக்கும் காதல் வந்தால் சைப்ரஸுக்கு விமானம் ஏற வேண்டும்.

நமக்கு இந்தக் கதை அந்நியமாகத் தோன்றாது. அதே பிரிட்டிஷ்காரர்கள்தான் இங்கேயும் குடும்பச் சட்டத்தை மதவாரியாகப் பிரித்து வைத்துவிட்டுப் போனார்கள். 1985இல் ஷா பானுவுக்கு உச்ச நீதிமன்றம் ஜீவனாம்சம் தந்ததும், அடுத்த வருடமே நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டு அந்தத் தீர்ப்பின் பலனைக் குறைத்ததும், அந்த முதியவளைச் சாக்காக வைத்து இந்துத்துவ அரசியல் வளர்ந்ததும் நாம் பார்த்தவை. நாசரேத்திலும் ஹைஃபாவிலும் இருந்த பெண்ணியவாதிகள் எதிர்கொண்ட கேள்வியும் அதுவேதான். தன் சமூகத்தை ஒடுக்கும் அரசிடம், தன் சமூகத்தின் ஆண்களுக்கு எதிராக ஒரு பெண் உரிமை கேட்கலாமா?

அவர்களுடைய நிலைமை இன்னும் இறுக்கமானது. இஸ்ரேலின் அரபுக் குடிமக்கள் மக்கள்தொகையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு. 1948 போரில் தங்கள் ஊரிலேயே எஞ்சியவர்களும் அவர்களுடைய சந்ததியினரும். 1966 வரை ராணுவ நிர்வாகத்தின் கீழ் இருந்தார்கள். பக்கத்து ஊருக்குப் போகவே அனுமதிச் சீட்டு வாங்கியவர்கள். வக்ஃபு நிலங்களில் பெரும்பகுதியை அரசு எடுத்துக்கொண்டது. இத்தனையும் போன பிறகு முஸ்லிம்களிடம் மிஞ்சிய ஒரே நிறுவனம் ஷரீஅத் நீதிமன்றம், அதையும் யூத அரசிடம் ஒப்படைக்கச் சொல்கிறீர்களா என்று இஸ்லாமிய இயக்கத்தினரும் காஜிகளும் கேட்டார்கள். கேட்பவர் யாராயிருந்தாலும் அந்தக் கேள்வியில் ஒரு வலி இருக்கிறது. அதைக் கேலி செய்துவிட்டு நகர முடியாது.

அந்த வாதத்துக்குள் ஒரு பெரிய ஓட்டையும் இருந்தது. 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி காஜிகளை நியமிப்பது அரசு, சம்பளம் தருவதும் அரசு. பதவியேற்கும்போது அவர்கள் இஸ்ரேல் அரசுக்கு விசுவாசமாக இருப்பதாக உறுதிமொழி எடுக்கிறார்கள். அரசின் கருவூலத்திலிருந்து ஊதியம் வாங்கும் நீதிமன்றம் சமூகத்தின் கடைசிக் கோட்டையாகவும், அதே கருவூலத்திலிருந்து ஊதியம் வாங்கும் இன்னொரு நீதிமன்றத்துக்குப் பெண் போவது துரோகமாகவும் ஆவது எப்படி? சமூகத்தின் தன்னாட்சி என்று எதைச் சொன்னாலும் அதன் காவல் பொறுப்பு மட்டும் பெண்ணின் தலையிலேயே விழுகிறது.

1995இலேயே ‘தனிநபர் நிலை விவகாரங்களில் சமத்துவத்துக்கான குழு’ உருவானது. நாசரேத்தைச் சேர்ந்த ‘வன்முறைக்கு எதிரான பெண்கள்’ போன்ற அரபுப் பெண்கள் அமைப்புகளும், யூத, அரபுப் பெண்கள் சேர்ந்து இயங்கிய அமைப்புகளும், இஸ்ரேலின் குடியுரிமைக் கழகம் போன்ற மனித உரிமை அமைப்புகளும் அதில் இணைந்தன. 1998இல் ஹைஃபாவில் தொடங்கிய அரபுப் பெண்ணிய அமைப்பான ‘கயான்’ பின்னர் சேர்ந்துகொண்டது. கோரிக்கை மிக எளிமையானது. ஷரீஅத் நீதிமன்றத்தை மூடச் சொல்லவில்லை, மதச் சட்டத்தை ஒழிக்கச் சொல்லவில்லை, திருமணத்தையும் விவாகரத்தையும் தொடவில்லை. ஜீவனாம்சம், குழந்தைப் பொறுப்பு போன்ற மற்ற விஷயங்களில் யூதப் பெண்ணுக்கு உள்ளதைப் போல எங்களுக்கும் இரண்டு வாசல் வேண்டும், எதில் நுழைவது என்பதை நாங்கள் தீர்மானிக்கிறோம் என்றார்கள்.

இந்த எளிமை கோழைத்தனம் என்று சிலர் விமர்சித்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மதத்தை விட்டு வெளியே வா என்று சொல்லியிருந்தால் கிராமத்துப் பெண் ஒருத்திகூட அவர்கள் கூட்டத்துக்கு வந்திருக்க மாட்டாள். தேர்வு வேண்டும் என்றபோது, தொழுகை தவறாத பெண்ணும் கம்யூனிஸ்ட் கட்சிப் பெண்ணும் ஒரே அறையில் உட்கார முடிந்தது.

யூதப் பெண்ணியவாதிகளோடு சேர்ந்து வேலை செய்வதும் சுலபமாக இருக்கவில்லை. ஹைஃபாவில் 1983இல் தொடங்கிய ‘பெண்ணுக்குப் பெண்’ என்ற மையத்தின் அனுபவம் இங்கே உதவும். இஸ்ரேலியப் பெண்ணியத்தின் மேடைகளில் ஐரோப்பிய வம்சாவளி யூதப் பெண்களே பேசிக்கொண்டிருந்தார்கள். அரபு நாடுகளிலிருந்து வந்த யூதப் பெண்களும் பாலஸ்தீனப் பெண்களும் கீழே உட்கார்ந்து கேட்டார்கள், அல்லது உதாரணமாகக் காட்டப்பட்டார்கள். 1990களின் தொடக்கத்தில் இதற்கு எதிராக எழுந்த கோபத்தின் விளைவுதான் ‘கால் பங்கு’ முறை: ஐரோப்பிய வம்சாவளி யூதர், கிழக்கத்திய யூதர், பாலஸ்தீனர், தன்பால் ஈர்ப்புள்ளவர் என நான்கு தரப்புக்கும் மாநாட்டு மேடையில் சம இடம். ஒருத்தி ஒரே நேரத்தில் இரண்டு கால் பங்கில் நின்றால் என்ன செய்வது என்ற நியாயமான கேள்வியும் எழுந்தது. கச்சிதமான ஏற்பாடு இல்லைதான். ஆனாலும் யார் சார்பாக யார் பேசுவது என்ற விவாதத்தை அது பேச்சளவில் நிறுத்தாமல் நாற்காலிக் கணக்கில் கொண்டுவந்து வைத்தது.

குடும்ப நீதிமன்றப் போராட்டத்தில் முன்னால் நின்றது அரபுப் பெண்கள் என்பது அதனால் முக்கியமாகிறது. பிற்போக்கான முஸ்லிம் சமூகத்திலிருந்து பெண்களை நவீன அரசு மீட்கிறது என்ற கதையை அந்த நாட்டின் பத்திரிகைகளும் அரசியல்வாதிகளும் எழுதக் காத்திருந்தார்கள். அந்தக் கதைக்கு அவர்கள் இடம் கொடுக்கவில்லை. யூதப் பெண்ணும் ரபீக்களிடம் சிக்கித்தான் இருக்கிறாள் என்பதை நினைவூட்டிக்கொண்டே இருந்தார்கள். யூத மதச் சட்டப்படி கணவன் தானாக மனமுவந்து விடுதலைச் சீட்டுக் கொடுத்தால்தான் விவாகரத்து. கொடுக்க மறுத்தால் அவள் வருடக்கணக்கில் கட்டுண்டு கிடக்கிறாள். அந்த நிலையில் வேறொருவருடன் குழந்தை பெற்றால் அந்தக் குழந்தை மத முறைப்படி மணம் முடிப்பதற்கே தடை வருகிறது. அதோடு, விவாகரத்துக்கு முன் குடும்ப நீதிமன்றத்துக்கு மனைவியும் மத நீதிமன்றத்துக்குக் கணவனும் ஓட்டப்பந்தயம் ஓடுகிறார்கள். யார் முதலில் மனுப் போடுகிறாரோ அவருக்குச் சாதகமான இடத்தில் வழக்கு நடக்கும். அரபுப் பெண்கள் கேட்ட சமத்துவத்தின் உச்சவரம்பு இதுதான். சமமாக ஆவது என்றால் யாருக்குச் சமம் என்ற கேள்வியை நாமும் அடிக்கடி கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சட்டம் நிறைவேறுவதற்கு முன்பே போராட்டம் வேறோர் இடத்தில் பலன் தந்தது. ஷரீஅத் நீதிமன்றங்களில் ஜீவனாம்சத் தொகையை முடிவு செய்ய ஒரு பழைய வழக்கம் இருந்தது. ‘முக்பிரூன்’ எனப்பட்ட உள்ளூர் ஆண்கள் சிலர், இந்தப் பெண்ணுக்கு இவ்வளவு போதும் என்று மதிப்பீடு சொல்வார்கள். தொகை பெரும்பாலும் சொற்பம். 1990களின் நடுவில், ஷரீஅத் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் தலைவர் அஹ்மத் நத்தூர் சுற்றறிக்கை ஒன்றின் மூலம் இந்த முறையை விலக்கி, வருமானச் சான்று போன்ற ஆவணங்களின் அடிப்படையில் தொகையைக் கணக்கிடச் சொன்னார். பெண்கள் வேறு வாசலுக்குப் போய்விடக்கூடும் என்ற அச்சம் இந்த வாசலைக் கொஞ்சம் அகலமாக்கியது. சட்டத் திருத்தத்தைக் கடுமையாக எதிர்த்தவரும் அதே நத்தூர்தான். வரலாற்றில் இப்படி நடப்பது உண்டு. நன்றி சொல்வதா சண்டை போடுவதா என்று தெரியாமல் நிற்போம்.

பிறகு 2000 அக்டோபர் வந்தது. இரண்டாவது இன்திஃபாதாவின் தொடக்கத்தில் இஸ்ரேலுக்குள் அரபு ஊர்களில் நடந்த போராட்டங்களில் 13 பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் 12 பேர் இஸ்ரேலியக் குடிமக்கள். சொந்த நாட்டுக் காவல்துறை சுட்டது. யூத, அரபு நட்புகள் பல அந்த மாதத்தில் முறிந்தன. இப்போதா பெண் உரிமை என்று அரபுத் தரப்பில் கேட்டார்கள். தேசம் முதலில், பெண்கள் அப்புறம் என்ற வசனத்தை எந்த மொழியில் கேட்டாலும் நமக்குப் புரியும். சாவு வீட்டுக்கு நடுவில் இருந்துகொண்டு அதற்குப் பதில் சொல்வது எவ்வளவு கடினம் என்பதும் புரியும்.

அவர்கள் நிறுத்தவில்லை. 120 பேர் கொண்ட அந்த நாடாளுமன்றத்தில் அப்போது இருந்த அரபுப் பெண் ஒரே ஒருவர்: 1999இல் மெரெட்ஸ் கட்சியிலிருந்து தேர்வான ஹுஸ்னியா ஜபாரா. நாட்டின் வரலாற்றிலேயே முதல் அரபுப் பெண் உறுப்பினர் அவர்தான். அரபு உறுப்பினர்கள் இந்த விஷயத்தில் பிளவுபட்டிருந்தார்கள். கடைசியில் 2001 நவம்பரில் குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் ஐந்தாவது திருத்தம் நிறைவேறியது. முஸ்லிம், கிறிஸ்தவப் பெண்களுக்கு இரண்டாவது வாசல் திறந்தது.

திறந்த வாசலுக்குள் என்ன இருந்தது? நீதிபதிகள் பெரும்பாலும் யூதர்கள், நடவடிக்கை ஹீப்ரு மொழியில். ஷரீஅத் நீதிமன்றத்தில் ஒரு பெண் தன் அரபி மொழியில் நேராகவே பேசலாம், செலவும் குறைவு. இங்கே வழக்கறிஞர் இல்லாமல் அடியெடுத்து வைப்பது கடினம். இன்னொரு விசித்திரமும் உண்டு. மனைவியின் ஜீவனாம்சத்துக்குக் குடும்ப நீதிமன்றமும் கணவனின் மதச் சட்டத்தையே பின்பற்ற வேண்டும். ஆகவே ஷரீஅத் என்ன சொல்கிறது என்பதை ஹீப்ருவில் ஒரு யூத நீதிபதி விளக்கும் காட்சி உருவானது. பெண்கள் பலர் பழைய வாசலுக்கே தொடர்ந்து போனதில் ஆச்சரியமில்லை. கயான் போன்ற அமைப்புகள் இதைப் புரிந்துகொண்டு, ஷரீஅத் நீதிமன்றங்களுக்குள் பெண்கள் நடத்தப்படும் விதத்தை மாற்றவும் வேலை செய்தன.

காஜி நாற்காலியில் பெண் உட்காரக் கூடாதா என்பது அடுத்த கேள்வி. மேற்குக் கரையில் 2009இலேயே கலூத் அல்-ஃபகீஹ் ஷரீஅத் நீதிபதியாகிவிட்டார். ‘வன்முறைக்கு எதிரான பெண்கள்’ அமைப்பை நிறுவி நடத்திய ஆயிதா தூமா-சுலைமான் 2015இல் நாடாளுமன்ற உறுப்பினராகி, பெண்கள் நிலைக்கான குழுவுக்குத் தலைவரானார். பெண் காஜிக்காக அங்கே கொண்டுவந்த முயற்சிகளைத் தடுத்தது யார் தெரியுமா? தீவிர யூத மதவாதக் கட்சிகள். முஸ்லிம் பெண் காஜியானால் நாளை யூதப் பெண் ரபீக்களின் ஆசனத்தைக் கேட்பாள் என்று பயந்தார்கள். இந்தப் பயத்தில் மட்டும் யூத, அரபு சமத்துவம் முழுமையாக நிலவியது. 2017 ஏப்ரலில் ஹனா கத்தீப் இஸ்ரேலின் முதல் பெண் காஜியாக நியமிக்கப்பட்டார்.

இதற்கிடையில், 2001 திருத்தம் வந்து இரண்டு வருடம்கூட ஆகாத நிலையில், 2003இல் அதே நாடாளுமன்றம் குடியுரிமை தொடர்பான ஒரு ‘தற்காலிக’ ஆணையை நிறைவேற்றியது. மேற்குக் கரையிலோ காஸாவிலோ உள்ளவரை மணந்த இஸ்ரேலியக் குடிமகளால் தன் கணவருக்குக் குடியுரிமை பெற முடியாது. பின்னர் மேற்குக் கரையைச் சேர்ந்த 35 வயதுக்கு மேற்பட்ட ஆண்களும் 25 வயதுக்கு மேற்பட்ட பெண்களும் தற்காலிக அனுமதிக்கு மட்டும் விண்ணப்பிக்கலாம் என்று தளர்த்தினார்கள். எழுத்தில் எல்லாக் குடிமக்களுக்கும் பொதுவான சட்டம். நடைமுறையில் அடிபட்டவர்கள் அநேகமாக அரபுக் குடிமக்கள் மட்டுமே. நாசரேத்துப் பெண் ஒருத்தி நாப்லுஸைச் சேர்ந்த இளைஞனை மணந்தால், சண்டை வரும்போது எந்த நீதிமன்றத்துக்குப் போவது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை இப்போது அவளுக்கு இருக்கிறது. சண்டைக்கு முன்னால், அவனோடு நாசரேத்தில் ஒரே வீட்டில் சட்டப்படி குடியிருக்கும் உரிமை இல்லை. மனித உரிமை அமைப்புகள் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போயின. 2006இல் 6க்கு 5 என்ற கணக்கில் மனுக்கள் தள்ளுபடியாயின. 2012இல் மறுபடி போனார்கள். மறுபடியும் 6க்கு 5. 2021இல் ஆணை காலாவதியானது. 2022 மார்ச்சில் திரும்பவும் நிறைவேற்றினார்கள்.